பையோடு தொழுத நாட்கள்

அத்தா பள்ளிவாசலுக்குக் கிளம்பும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே வந்துகொண்டிருந்தது. பாங்கு சொல்லப் பத்து நிமிடம் இருக்கும்போது செருப்பை மாட்டுகிறவர், இருபது நிமிடம் இருக்கும்போதே மாட்டினார். பிறகு அரை மணி ஆனது. வயசாக ஆக மறுமை பயம் வந்துவிட்டது என்று நானும் குவைத்தில் இருக்கும் என் கணவரும் போனில் பேசிச் சிரித்திருக்கிறோம். பள்ளிவாசல் கழிப்பறையில், சொட்டுச் சொட்டாக வரும் சிறுநீர் முடியட்டும் என்று அந்த அரை மணியும் அவர் காத்திருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது.

உங்கள் வீட்டிலும் ஒரு அப்பா கழிப்பறையில் நெடுநேரம் இருக்கலாம், இரவில் நாலு தடவை எழுந்து போகலாம். கேட்டுவிடுங்கள். மகள் அப்பாவிடம் கேட்கிற கேள்வியா இது என்று நான் கேட்காமல் விட்டேன். அந்த வெட்கத்துக்கு நானும் அத்தாவும் நன்றாகவே அனுபவித்தோம்.

பாகூரில் எங்களுக்கு ஒரு கடை இருக்கிறது. கயிறு, சாக்கு, தார்ப்பாய், மண்வெட்டி, கடப்பாரை, பூட்டு, ஓஸ் பைப் எல்லாம் கிடைக்கும். அம்மா இறந்தபின் கடையை நான்தான் பார்க்கிறேன். நான் சிறுமியாக இருந்தபோது அத்தா கயிற்றைக் கையால்தான் அளப்பார். இரண்டு கையையும் விரித்தால் ஒரு மார். சோரியாங்குப்பத்திலிருந்து கரும்பு வண்டிக்குக் கயிறு வாங்க வருகிறவர்கள், பாய் கையால் அளந்து கொடுத்தால்தான் வாங்குவார்கள். அவர் கை நீளம், அவர்களுக்கு லாபம். பனித்திட்டிலிருந்து நைலான் கயிறு வாங்க வருகிறவர்களும் அப்படித்தான். விரித்த அந்தக் கைகளுக்கு நடுவே ஓடிப்போய் நிற்பேன். கயிற்றோடு சேர்த்து என்னையும் சுற்றி, இந்தப் புள்ள எத்தினி மார் வரும் என்று வந்தவர்களிடம் கேட்பார். எனக்கு அத்தா என்றால் இன்றைக்கும் முதலில் அந்தக் கைகள்தான். அந்த உடம்பு ஒருநாள் வேலைநிறுத்தம் செய்யும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மார்கழிக் குளிரில் அவருக்குச் சளி பிடித்தது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரையை இரண்டு நாள் போட்டார். மூன்றாம் நாள், ஒரு சனிக்கிழமை காலை, தோட்டத்துக் கழிப்பறைக்கு வெளியே சுவரைப் பிடித்துக் குனிந்து நின்றிருந்தார். என்ன என்று கேட்டதற்கு ஒண்ணும் இல்லம்மா என்றார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. அடிவயிறு கைலிக்கு மேலே மேடாகத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

ஊர் மருத்துவமனையில் பார்த்துவிட்டு உடனே புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். அங்கே கதீட்டர் (சிறுநீர்ப் பாதை வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தும் மெல்லிய ரப்பர் குழாய்) போட்டார்கள். ஒரு லிட்டருக்கு மேல் வந்தது என்று நர்ஸ் சொன்னார். நான் உள்ளே போனபோது அத்தா கண்ணை மூடிப் படுத்திருந்தார். வலி போன நிம்மதியில் கண்ணோரம் தண்ணீர் வழிந்திருந்தது.

ப்ராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி) வீங்கி வழியை நெருக்கியிருக்கிறது என்றார் டாக்டர். பல நாளாகவே இருந்திருக்கும், சளி மாத்திரை அதை முழுசாக அடைத்துவிட்டது என்றார். ப்ராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் சில சளி மாத்திரைகளைப் போடக் கூடாதாம். எனக்கு அன்றுதான் தெரியும். ரத்தத்தில் ப்ராஸ்டேட்டுக்காகப் பார்க்கும் ஒரு அளவு கூடுதலாக இருந்தது. நீர் அடைத்தாலும் அது கூடும், உடனே புற்றுநோய் என்று பயப்படாதீர்கள் என்றார். நான் பயந்தேன்.

சுரப்பியைத் தளர்த்தும் மாத்திரை கொடுத்து, ஒரு வாரம் கழித்துக் குழாயை எடுத்துப் பார்க்கலாம் என்று அனுப்பினார்கள். கிளம்பும்போது அத்தா டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"சார், இத்தோட தொழலாமா?"

தாராளமாக, குனியலாம், நிமிரலாம், எதுவும் ஆகாது என்றார் டாக்டர். அவர் உடம்பைப் பற்றிச் சொன்னார். அத்தா கேட்டது அதையல்ல. எனக்கும் அப்போது அது புரியவில்லை.

வீட்டுக்கு வந்த அத்தா தொழவில்லை. அம்மாவின் மையித்து (இறந்த உடல்) வீட்டில் இருந்த நாளில்கூட ஒரு வக்து (வேளைத் தொழுகை) விடாதவர். பாங்கு சொன்னால் கடையின் பின்பக்கம் சாக்கு அடுக்கில் போய் உட்கார்ந்து, பாங்கு முடியும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். குழாயிலிருந்து சிறுநீர் இறங்கிச் சேர, காலில் கட்டிவிட்டிருந்த பிளாஸ்டிக் பையை என்னைத் தொட விடவில்லை. தட்டுத்தடுமாறித் தானே காலி செய்தார். நானும் மருந்து, சாப்பாடு, தண்ணீர் என்று அவர் உடம்பை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வைத்துக்கொண்டு ஜும்ஆத் தொழுகைக்குக் கிளம்பினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குவைத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். தொழுது வந்து, பேருக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். மாலை அஸர் தொழுகை நேரம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. போய்ப் பார்த்தால் உடம்பு தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிட்டியது. பை காலியாகக் கிடந்தது.

கைலியை விலக்கினேன். அந்த நிமிடத்தில் வெட்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. குழாயை இரண்டாக மடித்து, சணலால் இறுக்கிக் கட்டியிருந்தார். சாக்கு மூட்டைக்குப் போடுகிற அதே முடிச்சு. தொழும்போது சிறுநீர் இறங்கக் கூடாது என்று கட்டியிருக்கிறார். தொழுகை முடிந்ததும் ஒரு இழுப்பில் அவிழ்த்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். ஆனால் குளிக்கும் முன்பே கட்டிவிட்டார். தண்ணீர் பட்ட சணல் ஊறி இறுகிவிட்டது. அவர் விரலுக்கு அது அவிழவில்லை. நனைந்த சணல் இறுகும் என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லி விற்ற மனிதர். கத்தரிக்கோல் கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும் என்று, கட்டோடு படுத்துக் கிடந்திருக்கிறார்.

கத்தரிக்கோலைக் கொண்டுவந்து முடிச்சை வெட்டினேன். பை சில நிமிடங்களில் நிறைந்தது. கலங்கலாக, ரத்தம் கலந்து வந்தது. மதியம் அவர் கிளம்பியதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

கிருமி ரத்தம்வரை போய்விட்டது என்று புதுச்சேரியில் படுக்கையில் சேர்த்தார்கள். இது ஓஸ் பைப் இல்லை பெரியவரே என்று டாக்டர் கடிந்துகொண்டார். நாலு நாள் ஊசியில் காய்ச்சல் இறங்கியது. குழாயை எடுத்துப் பார்த்தார்கள். நாலு மணி நேரம் நடந்தார், தண்ணீர் குடித்தார், உட்கார்ந்தார். ஒரு சொட்டு வரவில்லை. மறுபடி குழாய் போட வேண்டியதாயிற்று.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, காலம் முழுக்கக் குழாய், மாதாமாதம் மாற்ற வேண்டும், அடிக்கடி கிருமி தொற்றும். இன்னொன்று டர்ப் (வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை விட்டு, அடைக்கும் சதையைச் சுரண்டி எடுக்கும் அறுவை). கிருமி முழுசாக அடங்கிய பிறகு செய்யலாம் என்றார். இந்த வயதிலும் நல்ல பலன் தரும், ஆனால் சில வாரம் சிறுநீர் கட்டுப்பாடில்லாமல் கசியலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். பிறகு என்னைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லி, ஆண்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியதையும் சொன்னார். நான் நடைவழியில் நின்றேன்.

இரண்டுமே வேண்டாம் என்றார் அத்தா. குழாயை எடுத்துவிடச் சொல்லு, போகிறபடி போகட்டும் என்றார். செவ்வாய்க்கிழமை மாலை கையெழுத்துப் போட்டு, இப்போதைக்குக் குழாயோடேயே வீட்டுக்கு அழைத்து வந்தேன். குழாய் இல்லாவிட்டால் இரண்டு நாளில் சிறுநீரகம் கெட ஆரம்பிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று இரவு நான் தூங்கவில்லை. அவரும் தூங்கவில்லை. விடியற்காலை சுபுஹு பாங்கு கேட்டதும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இன்னாதான் நெனக்கிறீங்க அத்தா என்று கேட்டேன். அவர் சொன்னார்.

"ஒடம்புலயே மூத்திரத்தக் கட்டித் தொங்க விட்டுக்கினு அல்லா முன்னாடி எப்புடிம்மா நிக்கிறது? ஆபரேசன் பண்ணாலும் ஒழுகும்ன்றாரு. தொழாம இன்னாத்துக்கு இருக்கறது?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. அவர் கத்திக்குப் பயப்படவில்லை. சாவுக்கும் பயப்படவில்லை. சுத்தமில்லாமல் நிற்கத்தான் கூசினார்.

விடிந்ததும் ஹஜ்ரத் வீட்டுக்குப் போனேன். எங்கள் பள்ளிவாசலின் இமாம், என்னைவிட வயதில் சின்னவர். அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, முந்தானையை முறுக்கிக்கொண்டு எப்படியோ சொல்லி முடித்தேன். குழாய், பை, சணல், எல்லாவற்றையும் சொன்னேன். ஹஜ்ரத் கேட்டுவிட்டு, நானே வந்து சொல்றேன் என்றார். மதிய லுஹர் தொழுகைக்கு முன் வந்துவிட்டார். அத்தா எழப் பார்த்தார். உட்காருங்கள் என்று சொல்லி, கட்டிலில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"பெரியத்தா, நிக்காம கசியிற வியாதி இருக்கறவங்களுக்கு மார்க்கத்துல தனிச் சட்டம் இருக்கு. ஒவ்வொரு வக்துக்கும் பாங்குக்கு அப்பறம் புதுசா ஒளு செய்யிங்க, தொழுங்க. நடுவுல இறங்கறதுக்கு நீங்க பொறுப்பில்ல. பை மூடித்தான இருக்கு? பள்ளிக்கே வாங்க."

அத்தா கேட்டார்.

"விட்டதெல்லாம்?"

"மெல்ல மெல்லத் தொழுது அடைங்க. எத்தினி விட்டுச்சு?"

"அம்பத்திநாலு வக்து" என்றார் அத்தா, யோசிக்காமல்.

கேட்டுக்கொண்டிருந்த நான் சமையலறைக்குப் போய் அழுதேன். ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டே படுத்திருக்கிறார். பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியவில்லை. ஹஜ்ரத் போகும்போது, ஆரம்பத்திலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றார். வெக்கமா இருந்துச்சு என்றார் அத்தா. அறுவைக்கு அன்றைக்கே ஒப்புக்கொண்டார்.

கிருமி அடங்கக் காத்திருந்த ஒரு மாதமும் பையோடுதான் தொழுதார். பாங்கு சொன்னதும், "சபுரா, நேரமாச்சு" என்று கூப்பிடுவார். நான் கடையை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கம் போவேன். பையைக் காலி செய்து, குழாயைத் துடைத்து, அவர் கை, முகம், கால் கழுவி ஒளு செய்யத் தண்ணீர் ஊற்றுவேன். முதல் இரண்டு நாள் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாள் பேச ஆரம்பித்தார். அம்மாவைப் பெண் பார்க்க வில்லியனூருக்குச் சைக்கிளில் போனதும், வழியில் சங்கிலி கழன்று மை படிந்த கையோடு போய் நின்றதும், அம்மா அதைச் சொல்லிச் சொல்லியே கடைசிவரை கேலி செய்ததும் அந்தப் பத்து நிமிடங்களில் நான் கேட்டவை. மணி பார்ப்பதை நான் மறந்தேபோனேன். ஐந்து வேளையாகத்தான் ஒரு நாள் போயிற்று.

அறுவை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கவைத்தார்கள். மூன்று நாள் சிறுநீர்ப்பைக்குள் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்தார்கள். சிவப்பாக வந்தது, வெளுத்து, பிறகு தெளிந்தது. குழாயை எடுத்த அன்று, கழிப்பறைக் கதவுக்கு வெளியே நின்றேன். தாரையாகச் சத்தம் கேட்டது. எத்தனையோ நல்ல செய்திகளைக் கேட்டிருக்கிறேன், அதுபோல ஒன்றைக் கேட்டதில்லை. எடுத்த சதையைச் சோதித்ததில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. கசிவு ஆறு வாரம் இருந்தது. உறிஞ்சும் பட்டை (உள்ளே வைத்துக்கொள்ளும் பஞ்சு) வைத்துக்கொண்டு, வரிசையின் ஓரத்தில் நின்று தொழுதார். பிறகு அதுவும் நின்றது.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. பாங்குக்குப் பத்து நிமிடம் முன்புதான் கிளம்புகிறார். யாரையும் கூப்பிடுவதில்லை. போன வாரம் அஸர் தொழுதுவிட்டுக் கடைக்கு வந்தவர், நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்.

"பையோட தொழுதப்ப ஒரு நெனப்பும் வராதும்மா. இந்த வக்த தொழுதுட்டா போதும்னு இருக்கும். இன்னிக்கி ரெண்டாவது ரக்அத்துல நின்னுக்கினு தார்ப்பாய் தீந்துபோச்சேன்னு யோசிக்கிறேன்."

உடம்பு நல்லாயிடுச்சுன்னு அர்த்தம் என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டே, "அந்த நாளுங்க இனிமே வராதில்ல" என்றார்.

அன்று சாயங்காலம் அவர் பள்ளிக்குக் கிளம்பப் பிந்திவிட்டது. மஃரிப் பாங்கு சொன்னபோது, என்னை அறியாமல் எழுந்து பின்பக்கம் பாதி தூரம் போய்விட்டேன். அங்கே அத்தா தானே தண்ணீர் ஊற்றி ஒளு செய்துகொண்டிருந்தார். திரும்பி வந்து கடையில் உட்கார்ந்துகொண்டேன்.