இன்டர்வியூவில் சிரிக்கக் கூடாது

நான் படித்தது அமெரிக்காவில், கேட்கிறவர்களில் மிகச் சிலருக்கே இடம் கொடுக்கிற ஒரு கல்லூரியில். லண்டனிலிருந்து அங்கே விண்ணப்பிக்கும் பிள்ளைகளை, இங்கே வாழ்கிற பழைய மாணவர் யாராவது ஒருமுறை சந்தித்துப் பேசி, எப்படிப்பட்ட பிள்ளை என்று எழுதி அனுப்ப வேண்டும். அந்த வேலையைப் பல வருடங்களாகச் செய்து வருகிறேன். சம்பளம் கிடையாது, தேநீர்ச் செலவும் நம்முடையது. என் கணவர் இதைக் கலியாணத் தரகு என்பார். அவர் சொல்வதில் பாதியை நான் காதில் வாங்குவதில்லை, ஆனால் இது மறுபாதியில் சேர்த்தி. இரண்டு பக்கத்துக்கும் பிடித்துப்போனால் நடுவில் நின்றவரை யாரும் நினைக்க மாட்டார்கள்.

எனக்குப் பொறுமை குறைவு. மனப்பாடம் செய்துகொண்டு வருகிற பிள்ளைகளைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். உலகத்தை மாற்றப் போகிறேன் என்று ஆரம்பிப்பார்கள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள். அப்படி முழிக்கிற இடத்தில்தான் எனக்கு உண்மையான பிள்ளை தெரியத் தொடங்கும். அதனால் எல்லோரிடமும் காலைச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பேன்.

போன குளிர்காலத்தில் கிழக்கு லண்டன் செவன் கிங்ஸிலிருந்து ஒரு பெண். பெயரைப் பார்த்ததுமே நம்முடைய ஈழத்துப் பிள்ளை என்று தெரிந்துவிட்டது. கல்லூரி முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டால்தான் அவளால் அங்கே போக முடியும் என்றும், அமெரிக்காவில் வேறு எங்கும் விண்ணப்பிக்கவில்லை என்றும் மின்னஞ்சலில் நேராகவே எழுதியிருந்தாள். எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. தெரியாத பிள்ளையின் எதிர்காலத்தில் ஒரு நுனி என் கையில் இருப்பது எனக்குப் பழகவே இல்லை.

சந்திப்பு தெற்கு லண்டன் டூட்டிங்கில், சனிக்கிழமை காலை. நான் வழக்கமாகப் போகும் காபிக் கடை தள்ளுவண்டிக் குழந்தைகளால் நிரம்பி வழிந்தது. சரி என்று எதிரே இருந்த தமிழ்ச் சாப்பாட்டுக் கடைக்குள் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே வடை பொரிகிற வாசனை. எங்களுக்குப் பின்னால் ஒரு மனிதர் வந்து, பக்கத்து மேசையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து பிளேன் டீ சொன்னார். நான் அவரைப் பொருட்படுத்தவில்லை.

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் கேட்காமலே முழுப் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் ஆங்கிலத்தில் சொன்னாள்.

"எங்கள் கல்லூரியைப் பற்றி எப்படித் தெரியும்?"

"பத்தாம் வகுப்பில், பள்ளி நூலகத்தில். அன்று மழை பெய்தது."

"அங்கே என்ன பிடித்திருக்கிறது?"

"கணிதம்."

"கணிதத்தில் என்ன?"

கொஞ்சம் யோசித்தாள். "கணிதம்தான்."

சனிக்கிழமைகளில் என்ன செய்வாய் என்றேன். கோவிலில் அன்னதானத்துக்கு உதவுவதாகச் சொன்னாள். என்ன உதவி? வரிசையைப் பார்ப்பது. அவ்வளவுதான், கதவு சாத்திக்கொண்டது. அவளைச் சிரிக்க வைக்க நான் ஒரு பகிடி விட்டேன். அதில் ஏதும் பொறி இருக்கிறதா என்பது போல என்னைப் பார்த்தாள். காலைச் சாப்பாடு? "டோஸ்ட் பாண். இரண்டு துண்டு. ஏழேகாலுக்கு."

எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே வந்தது. பிள்ளை மேல் இல்லை, எழுத வேண்டிய அறிக்கையை நினைத்து. மரியாதையான பிள்ளை, கடின உழைப்பாளி என்று எழுதலாம். நம் பிள்ளைகளைப் பற்றி அந்தக் கல்லூரி கேட்டுக் கேட்டு அலுத்த வார்த்தைகள் அவை. அப்படி ஓர் அறிக்கை போனால் அவள் கதை முடிந்துவிடும். கடைசியில், என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்றேன். இந்த இடத்தில் மற்றப் பிள்ளைகள் பனியைப் பற்றிக் கேட்பார்கள், விடுதிச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார்கள்.

"நான் சொன்னதின் எழுத்துப் பிரதி ஒன்று எனக்குக் கிடைக்குமா?" என்றாள் அவள். "எல்லாக் கேள்விகளும் எனக்கு விளங்கின. நான் தேக சுகத்தோடு இருக்கிறேன்."

தூக்கிவாரிப் போட்டது. இந்த வாசகங்களை நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அகதி விண்ணப்ப விசாரணைக்குப் போவதற்கு முன்பு என் அப்பாவும் அம்மாவும் எங்கள் சமையலறையில் இதைத்தான் ஒத்திகை பார்த்தார்கள். பேரைச் சொல், தேதியை மாற்றாதே, கேட்டதற்கு மட்டும் பதில் சொல், பிரதி கேட்டு வாங்கு. எங்கள் சனத்தில் ஒரு தலைமுறைக்கு இன்டர்வியூ என்றால் உலகத்தில் அது ஒன்றுதான்.

நான் தமிழுக்கு மாறினேன். "ஆர் பிள்ளை உன்னை இதுக்கு ஆயத்தப்படுத்தினது?"

அவள் கண் பக்கத்து மேசைக்குப் போய் வந்தது. சுவரைப் பார்த்திருந்த மனிதரின் காது சிவந்துவிட்டது.

"அண்ணை, இஞ்சால திரும்புங்கோ," என்றேன்.

திரும்பினார். "மேடம், நான் ஒண்டும் கதைக்கேல்லை. நான் சும்மா ரீ குடிக்க வந்தனான்."

"சிரிக்க வேண்டாமெண்டும் நீங்கள்தான் சொல்லிக் குடுத்தனீங்களோ?"

"ஓம்," என்றார், பாவமாக. "என்ர அகதிக் கேஸில முதல்தரம் நான் சிரிச்சுப்போட்டன். ஒரு பயத்தில வந்த சிரிப்பு. உண்மையா பயந்தவன் சிரிக்க மாட்டானாம், அதையும் ஒரு காரணமா எழுதி மாட்டன் எண்டிட்டினம். கேட்டதுக்கு மேல கதைச்சதும் பிழையாப் போச்சு. பிள்ளையும் அந்தப் பிழையை விடக் கூடாதெல்லோ."

அடக்க முடியாமல் சிரித்தேன். மூக்கில் தேநீர் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்து, கடைக்காரர் என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். சிரிப்புக்கு நடுவில் அந்த மனிதரை நினைத்து நெஞ்சு கனக்கவும் செய்தது. இரண்டும் ஒன்றாக வருவது எங்கள் சனத்துக்குப் புதிதில்லை.

"அண்ணை, அங்க உங்களை வெளியில அனுப்பக் காரணம் தேடினவை. நான் உள்ள எடுக்கக் காரணம் தேடிக்கொண்டிருக்கிறன். உங்கட மகள் ஒரு காரணமும் தராம இருக்கிறா."

அவர் மகளைப் பார்த்தார். மகள் அவரைப் பார்த்தாள். "அப்ப அந்தப் பாயாசக் கதையைச் சொல்லு," என்றார்.

"அப்பா, வேண்டாம்!"

"சொல்லு. நீ செய்ததைச் சொல்லு அன்ரிக்கு."

பெற்றோர் கூட இருக்கக் கூடாது என்பது விதி. அவரை நான் வெளியே அனுப்பியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஒரு தட்டு வடை சொன்னேன்.

கோவிலில் அன்னதான வரிசை வாசலைத் தாண்டி மழைக்குள் நிற்குமாம். சோறு தாமதம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் வாரக் கணக்காகப் பார்த்து, அடைப்பு சோற்றில் இல்லை, கடைசியில் உள்ள பாயாசத்தில் என்று கண்டுபிடித்தாள். பாயாசம் ஊற்றுகிறவர் அவளுடைய அப்பா.

"ஒவ்வொருத்தரிட்டையும் கதைப்பார் அன்ரி! பிள்ளை எப்பிடி, முழங்கால் எப்பிடி, வீடு வித்தாச்சோ எண்டு. ஒரு கரண்டிக்கு ஒரு கதை!"

"கேக்காம எப்பிடி ஊத்திறது? ஊத்திறது மெசினோ?" என்றார் அப்பா.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். மேசையே கோவிலாயிற்று: சீனிக் கிண்ணம் பாயாசம், டம்ளர்கள் சனம், அப்பாவின் போன் வாசற்கதவு. முதலில் பாயாசத்தைச் செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மாற்றினாளாம். சனம் பாயாசத்தை முதலில் குடித்துவிட்டுத் திரும்பி வந்து சோற்று வரிசையில் நின்றது. பெருந்தோல்வி. அடுத்த கிழமை அப்பாவையே தண்ணீர் கொடுக்கிற பக்கம் மாற்றிவிட்டாள்.

"என்னை!" என்றார் அவர் என்னிடம், நெஞ்சில் கை வைத்து. "இத்தனை வருசம் பாயாசம் குடுத்தவனை!"

"பாயாச வரிசை உடன கரைஞ்சுது அன்ரி. ஆனா தண்ணிக்குப் பக்கத்தில புது வரிசை ஒண்டு வந்துது. தண்ணிக்கு ஆர் வரிசையில நிப்பினம்? அப்பதான் எனக்கு விளங்கினது." டம்ளர்களை ஒவ்வொன்றாக அப்பாவின் முன்னால் நகர்த்தினாள். "அவை சாப்பாட்டுக்கு நிக்கேல்லை. அப்பாவோட கதைக்க நிண்டவை. கிழமை முழுக்கத் தனிய இருக்கிற ஆக்கள். அதால இப்ப வாசலடியில அவருக்குக் கதிரை போட்டிருக்கிறன். கரண்டி இல்லை. சாப்பிட்டு முடிச்ச ஆக்கள் அவரோட இருந்து கதைக்கினம். வெளியில ஒருத்தரும் நனையிறேல்லை."

பிறகு ஆங்கிலத்துக்குத் தாவினாள். ஒரு வரிசையில் நிற்பவர்கள் உண்மையில் எதற்காக நிற்கிறார்கள் என்பதை எண்களால் எப்படிச் சொல்வது என்று தனக்குத் தெரியவில்லை, அதைப் படிக்கத்தான் போக வேண்டும் என்றாள். வேகமாகப் பேசினாள், கையை வீசிப் பேசினாள், ஒரு டம்ளரைத் தட்டி விழுத்தினாள். நான் குறிப்பு எடுக்கவே மறந்து போனேன். எத்தனையோ பிள்ளைகளைச் சந்தித்திருக்கிறேன், அன்றைக்கு இருந்த சந்தோஷம் ஒருநாளும் இருந்ததில்லை. அப்பா தன் முன்னால் கூடி நின்ற டம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் இதை அவரிடம் இவ்வளவு விளக்கமாகச் சொன்னதில்லை போல.

அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதினேன். அப்பா கூட இருந்தார் என்பதையும் மறைக்கவில்லை. விதியை மீறியது நான், பிள்ளை இல்லை என்றும் சேர்த்துக்கொண்டேன். அனுப்பிவிட்டு, அந்த ஒரு வரி அவளுக்குக் குந்தகமாகிவிடுமோ என்று பல நாள் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

வசந்தம் தொடங்கிய ஒரு மாலை, வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவள்தான். வார்த்தையே வரவில்லை, கூச்சல்தான் வந்தது. இடம் கிடைத்துவிட்டது, முழுச் செலவும் கல்லூரியே ஏற்கிறது. நானும் கத்தினேன். என் கணவர் கையை வெட்டிக்கொண்டேனோ என்று பயந்து ஓடி வந்தார். அதற்குள் போன் அவளுடைய அப்பாவின் கைக்குப் போயிருந்தது.

"தங்கச்சி, கடிதத்தைத் திருப்பித் திருப்பி வாசிச்சுப்போட்டன்," என்றார். குரலில் இன்னும் சந்தேகம். "ஏன் எடுத்தவை எண்டு ஒரு வரியும் இல்லை. என்ர அகதிக் கேஸில மாட்டன் எண்டு எழுதேக்கை பக்கம் பக்கமாக் காரணம் எழுதினவை. இதில வாழ்த்து எண்டு மட்டும் கிடக்கு. பிறகு மாத்திச் சொல்லுவினமோ?"

"மாத்த மாட்டினம் அண்ணை. உங்கட பிள்ளை தங்களிட்ட வரவேணுமெண்டு அவைக்கு விருப்பம். அவ்வளவுதான்."

"விருப்பமோ?"

"ஓம் அண்ணை. விருப்பம்."

அவர் போனை வைக்காமலே வீட்டுக்குள் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

"இஞ்சரும், காரணம் ஒண்டும் இல்லையாம்," என்றார். "விருப்பமாம்."