அரை மணி நேரப் பயணம்

விமானம் பத்துக்குப் புறப்பட்டுப் பத்தரைக்குச் சேரும் என்றால் அது அந்தந்த ஊர்க் கடிகாரப்படி, இந்த அயல்நாட்டின் கிழக்குக்கும் மேற்குக்கும் இரண்டரை மணி நேரம் வித்தியாசம், பறப்பதென்னவோ மூன்று மணி நேரம் என்று டிக்கெட் அலுவலகத்தில் தினமும் தொண்டை வற்றச் சொல்லிவந்தவள் அவள். அவள் கணவனே தன் அம்மாவிடம் அரை மணி நேரப் பயணம் என்று சொல்லிவைத்திருந்தான். நாட்டின் கிழக்குக் கோடியில் இருந்த, விமானமென்றாலே நடுங்கும் மாமியார் அதை நம்பித்தான் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வர ஒப்புக்கொண்டார். பிரசவ விடுப்பு முடிந்து திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போயாக வேண்டும்.

“கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள எறங்கிடலாமாமே?” என்று போனில் கேட்டார் மாமியார்.

“மூணு மணி நேரம் அத்தை. உங்க பிள்ளைக்கு மணி பாக்கத் தெரியல.”

“அப்ப நான் ரயில்லயே வர்றேன். நாலு நாளானாலும் தரையிலதானே போகும்.”

நைசாகச் சமையலறைக்குள் நழுவப் பார்த்த கணவனின் கையில் அவள் குழந்தையைக் கொடுத்தாள்.

“உங்கம்மா வர்ற வரைக்கும் நீங்க லீவு போடுங்க.”