‘படம் எப்படி இருந்துச்சு?’ என்று கேட்ட வேதவல்லி அக்கா

சின்னசேலத்தில் ஒரு நிச்சயதார்த்த வீட்டில் கேமராவை ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டிருந்தபோது அக்காவின் கணவர் ஏழுமலை அண்ணனின் போன் வந்தது. "அக்கா போயிட்டா, சங்கரு" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். நெரிசலில் எனக்கு முன்னால் வழிவிலக்கிக்கொண்டு நடந்தவர் சட்டென்று காணாமல் போனதுபோல இருந்தது. பத்து வருடத்துக்கு மேல் நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் கேமரா பிடித்தேன்.

மறுநாள் காலை அவர் வீட்டுக்கு வந்திருந்த நீங்கள் அந்தத் தம்பதியைப் பார்த்திருப்பீர்கள். களமருதூரிலிருந்து வந்த அக்காவின் தம்பிகள் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை போட்ட பிறகு, பந்தலின் ஓரத்தில் நின்றிருந்த ஒருவர் மஞ்சள் பையிலிருந்து ஒரு புடவையை எடுத்தார். கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து அவர் மனைவி முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தார். "நாங்களும் போடலாமாங்க?" என்று புடவையோடு நின்றவர் ஏழுமலை அண்ணனிடம் கேட்டார். அண்ணன் அவர் கையைப் பிடித்து அழைத்துப்போனார். அவர்கள் யார் என்று அன்று உங்களில் பலர் என்னிடம் கேட்டீர்கள். நின்று பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் உள்ளூர் கேபிள் சேனலில் வேதவல்லி அக்கா முதலில் செய்தி வாசித்தார். பிறகு புதுப்படம் வந்தால் தியேட்டர் வாசலில் மைக்கோடு நின்று மக்களிடம் கருத்துக் கேட்கத் தொடங்கினார். திரையில் மட்டும் பார்த்தவர்கள் அவரைத் துணிச்சல்காரி என்பார்கள். உண்மையில் அவர் பயந்த சுபாவம். படம் விடுகிற நேரம் நெருங்கினால் அவர் வாய் உலர்ந்துபோகும். எதிர்க்கடையில் சோடா வாங்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "கூட்டம் ஜாஸ்தியா இருக்கா, பாரு" என்று என்னை அனுப்புவார். எனக்கு அவரைவிடப் பயம். ஆனால் நான் காட்டிக்கொள்ள மாட்டேன். அதை அவர் கண்டுபிடித்துவிடுவார். "பயமா இருந்தா பயமா இருக்குன்னு வாயத் தொறந்து சொல்லிடு சங்கரு. உள்ளயே வெச்சிக்கினு இருந்தா கை கால் ஓடாது" என்பார்.

கேள்வியும் ஒன்றேதான் கேட்பார். "படம் எப்படி இருந்துச்சு?" அதற்குப் பிறகு மைக்கை நீட்டியபடி சும்மா நிற்பார். எதிரே நிற்பவர் தடுமாறினால்கூட வார்த்தை எடுத்துக் கொடுக்க மாட்டார். "பதிலையும் நாமளே சொல்லிட்டா, அவங்க எதுக்கு அங்க நிக்கணும்?" என்பது அவர் கணக்கு.

சில வருடங்களுக்கு முன் சுதந்திரப் போராட்டத்தைப் பற்றிய அந்தப் படம் கள்ளக்குறிச்சிக்கு வந்தது. போலீசுக்குத் தப்பிய போராளிகள் ஒரு மலையில் போய் ஒளிகிறார்கள். மலைக்காரர்கள் காசுக்கு ஆசைப்பட்டு அவர்களை வெள்ளைக்கார அதிகாரியிடம் காட்டிக்கொடுக்கிறார்கள். எல்லோரும் சுடப்படுகிறார்கள். படத்தில் மலைக்குப் பெயர் கிடையாது. ஆனால் அது கல்வராயன் மலைதான் என்று எங்கள் ஊரில் எப்படியோ பேச்சுப் பரவிவிட்டது. தியேட்டரில் இடமில்லை.

முதல் நாள் மதியக் காட்சி முடிந்து வெளியே வந்த ஒரு பெரியவர் மைக்கின் முன் அழுதார். பாட்டைக் குறைத்திருக்கலாம் என்றாள் ஒரு கல்லூரிப் பெண். "ரத்தம் கொதிக்குதுங்க" என்றார் கச்சிராயபாளையத்துக் கரும்பு விவசாயி ஒருவர். "காட்டிக் குடுத்தவனுங்க வம்சத்தையே சும்மா வுடக்கூடாது" என்று ஒரு இளைஞன் கத்த, சுற்றி நின்றவர்கள் விசில் அடித்தார்கள். அந்த விசில் அடங்குவதற்குள், பந்தலில் நீங்கள் பார்த்த அவர், அண்ணாமலை, மைக்கின் முன் வந்தார். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து புளி விற்க வந்தவர், படம் பார்த்திருக்கிறார்.

"எங்க ஆளுங்கள இப்டி காமிச்சது சரியில்லைங்க" என்றார். "எங்க தாத்தா சொல்லுவாரு, மலையில ஒளிஞ்சிருந்தவங்களுக்கு களி கிண்டி எடுத்துக்கினு போவாங்களாம். நான் அத பாக்கல. படம் எடுத்தவரும் பாக்கலியே. எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னார். "இன்னாடா சொன்ன?" என்று யாரோ அவர் சட்டையைப் பிடித்தார்கள். வட்டம் இறுகியது. கேமராவின் வியூஃபைண்டரில் எனக்குக் கைகளும் கழுத்துகளும்தான் தெரிந்தன. என் முதுகில் ஒரு குத்து விழுந்தது. அக்காவின் முகம் வெளுத்திருந்தது. அவர் மைக்கை இடுப்பில் செருகிக்கொண்டு, அண்ணாமலையின் கையைப் பிடித்து இழுத்தார். "வாண்ணே, வூட்ல சோறு ஆறிக்கினு இருக்கு! கொஞ்சம் வழி வுடுங்க, எங்க அண்ணன்ங்க இவரு" என்றார். கூட்டத்தில் பாதிப்பேருக்கு அக்காவைத் தெரியும். அவருக்கு அண்ணனா என்று அவர்கள் குழம்பி நின்ற அந்த ஒரு நொடியில் மூவரும் ஆட்டோவில் ஏறிவிட்டோம். பேருந்து நிலையம் தாண்டியதும் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, அக்கா இறங்கி வாந்தி எடுத்தார். அண்ணாமலைதான் தண்ணீர் வாங்கிக்கொடுத்தார்.

அன்று சாயங்காலமே சேனல் முதலாளிக்குப் போன்கள் வந்தன. அந்த மலைக்காரன் பேசியதைப் போட்டால் ஆபீஸ் இருக்காது என்றார்கள். முதலாளி முடிவை அக்காவிடம் விட்டார். "அவரு கழுத்து சம்பந்தப்பட்ட விஷயம். அவரதான் கேக்கணும்" என்று அக்கா மறுநாள் காலையில் என் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டார்.

கச்சிராயபாளையம் தாண்டியதிலிருந்து ஒரு பைக் எங்கள் பின்னாலேயே வந்தது. அதில் இரண்டு பேர். நான் வேகத்தைக் குறைத்தால் அவர்களும் குறைத்தார்கள். "திரும்பிப் பாக்காத" என்றார் அக்கா. என் தோளில் அவர் விரல்கள் அழுந்தின. கோமுகி அணைக்குப் பக்கத்தில் ஆட்கள் நின்றிருந்த டீக்கடையில் நிறுத்தினோம். பைக்கும் நின்றது. பின்னால் இருந்தவன் எங்களைச் செல்போனில் போட்டோ எடுத்தான். "மலைக்கா போறீங்கக்கா?" என்று மரியாதையாகக் கேட்டான். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. "ஆமாங்க, சொந்தக்காரங்க வூடு" என்றார் அக்கா. அவன் சிரித்தான். இருவரும் வந்த வழியே திரும்பிப் போனார்கள். அதற்குப் பிறகு மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் எதிரே யாரோ நிற்பதாக எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

அண்ணாமலையின் மனைவி பூங்கொடி வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முறத்தைக் கீழே வைத்தார். "அடுத்த வாரமும் இவரு சந்தைக்கு எறங்கணும். அங்க எவனாவது கைய வெச்சா நீங்க வருவீங்களாம்மா?" என்றார்.

"வர முடியுமான்னு தெரியல. வந்தாலும் என்னால இன்னா பண்ண முடியும்னு தெரியல" என்றார் அக்கா. "எனக்கே பயமாதான் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் சரின்னு சொன்னாதான் போடுவேன். வேணாம்னா சொல்லுங்க, உங்க கண்ணு முன்னாடியே அழிச்சிடறேன்."

அண்ணாமலை போடச் சொன்னார். பூங்கொடி ஒத்துக்கொள்ளவில்லை. கணவர் பேசியதைக் கேமராவின் சின்னத் திரையில் இரண்டு முறை பார்த்தார். கேமராவை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இவரு ஒருத்தரே பேசனா இவர அடிப்பாங்க. நாங்க எல்லாரும் பேசனா?" என்றார். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். இங்கேயே கேமராவைப் போடுங்கள் என்றார்கள். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. கீழே இறங்கிக் கூட்டத்தில் நிற்க வேண்டியதில்லை. அக்கா மறுத்துவிட்டார். "படத்த பாக்காம கருத்து சொல்லக்கூடாதுங்க. அப்பறம் அதையே சொல்லி உங்க வாய அடைச்சிடுவாங்க" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் நிறைய அவர்கள் மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். நல்ல துணி உடுத்தியிருந்தார்கள். பூங்கொடி பள்ளிக்கூடம் போகும் தன் மகளையும் அழைத்து வந்திருந்தார். நானும் அக்காவும் அவர்களுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தோம். காட்டிக்கொடுக்கும் காட்சி வந்ததும் தியேட்டரே ஆத்திரத்தில் கத்தியது. "கொல்லுங்கடா அவனுங்கள" என்று என் காதருகே ஒருவன் எழுந்து நின்று கூவினான். எங்களுக்கு முன்வரிசையில் இருந்தவர்கள் யாரும் அசையவில்லை. அவர்கள் தலைகள் மட்டும் கொஞ்சம் தாழ்ந்தன. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் நாடி துடிப்பதா என் நாடி துடிப்பதா என்று தெரியவில்லை.

வெளியே வந்தோம். முதல் நாள் சட்டையைப் பிடித்தவர்களில் சிலர் வாசலிலேயே நின்றிருந்தார்கள். அக்கா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துப் பூங்கொடியிடம் நீட்டினார். "படம் எப்படி இருந்துச்சு?"

"நல்லாதான் எடுத்திருக்காங்க. பாட்டு புடிச்சிது. சுட்டுக் கொல்ற எடத்துல நானும் அழுதுட்டேன்" என்றார் பூங்கொடி. பிறகு நிறுத்தினார். அக்கா காத்திருந்தார். "அந்தக் காட்டிக் குடுக்கற எடத்துல எம் பொண்ணு திரும்பி என் மூஞ்சியப் பாத்தா. அவகிட்ட நான் இன்னா சொல்றது?"

பின்னாலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது. இரண்டு பேர் முன்னால் நகர்ந்தார்கள். அப்போது முதல் நாள் ரத்தம் கொதிக்கிறது என்று சொன்ன அதே கரும்பு விவசாயி, படத்தை இரண்டாம் முறை பார்க்க வந்தவர், குறுக்கே கையை நீட்டினார். "பொம்பள பேசிக்கினு இருக்கா இல்ல? பேசட்டும், வுடுங்கடா" என்றார். அவர் குரலும் உறுதியாக இல்லை. ஆனாலும் அவர்கள் நின்றுவிட்டார்கள். வேனில் வந்தவர்கள் ஒவ்வொருவராக மைக்கின் முன் வந்து பேசினார்கள்.

அண்ணாமலை முதலில் பேசியதும் சேர்ந்து அது ஒளிபரப்பானது. இரண்டு நாள் கழித்து ஆபீஸ் கண்ணாடியைக் கல்லெறிந்து உடைத்தார்கள். முதலாளி பயந்துபோய் நிகழ்ச்சியைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார். அக்கா பல வாரங்கள் தெரியாத எண்ணிலிருந்து வந்த போனை எடுக்கவில்லை. படம் எடுத்தவர்கள் பக்கமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. சந்தையில் அண்ணாமலையை யாரும் தொடவில்லை. ஒருவர் மட்டும் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "டிவில பேசனது நீங்கதான?" என்று கேட்டுப் புளி வாங்கிப் போனாராம். அண்ணாமலை இதைப் போனில் சொன்னபோது அக்கா சிரித்தார். சிரித்த வேகத்திலேயே அழுதுவிட்டார்.

அக்காவுக்கு நோய் வந்த பிறகு மருத்துவமனையில் அவரைப் பார்க்கப் போனேன். வந்தவர்கள் எல்லோரும் தைரியமாக இருக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நானும் அதையே சொல்ல வாயெடுத்தேன். "நீயுமாடா?" என்றார். "ராத்திரியானா ரொம்ப பயமா இருக்கு சங்கரு. யாருமே அத கேக்க மாட்டேன்றாங்க." நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எதற்கெல்லாம் பயம் என்று கேட்டேன். வலி, ஊசி, ஏழுமலை அண்ணன் தனியாக என்ன சாப்பிடுவார் என்பது, மூச்சு நிற்கும்போது தெரியுமா தெரியாதா என்பது. ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் தூங்கினார்.

வருகிற வெள்ளிக்கிழமை ஒரு புதுப்படம் வருகிறது. முதலாளி என்னையே மைக்கும் பிடிக்கச் சொல்லிவிட்டார். அக்காவின் வேலையை என்னால் அவரைப் போலச் செய்ய முடியாது. அவர் விட்டுப்போனதில் எனக்கென்று எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: பயத்தை மறைக்காமல் சொல்லிவிடுவது. நேற்று ஏழுமலை அண்ணனைப் பார்க்கப் போனபோது, இப்போதே பயமாக இருக்கிறது என்றேன். அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தார்.

"எத்தன மணிக்குடா படம் வுடறாங்க?" என்று கேட்டார். "நானும் வந்து பக்கத்துல நிக்கறேன்."