ஐந்தாவது துளை

1995 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து இருபதுக்கு எழுந்தேன். அன்று சிறுவாணித் தண்ணீர் முறை இல்லை. தொட்டியில் மிச்சம் இருந்ததில் குளித்தேன். ஏழு மணிக்கு நான்கு இட்லி. எட்டு மணிக்குக் கணபதிப் பகுதியில் இருந்த தம்பியின் லேத் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன். பம்புசெட் கம்பெனியில் என் வேலை அளப்பது. அளவு பத்து மைக்ரான் கூடினாலும் உருப்படியில் சிவப்புப் பெயிண்ட் அடித்து ஒதுக்கிவிடுவேன். விடுமுறை நாளிலும் அந்தப் புத்தி ஓயாது.

பட்டறையில் அப்பாவின் பழைய புல்லட் நின்றது. அவர் போன பிறகு அது எங்கள் இருவருக்கும் பொது. அதில் எண்ணெயை வடிகட்டுவது ஒரு கம்பளித் துணிச் சுருள். அதை எடுத்துவிட்டு, கார்களில் வருகிற காகித ஃபில்டரைப் போட வேண்டும் என்பது என் திட்டம். அதற்கு ஓர் அலுமினிய டப்பாவை நான் வரைந்து கொடுத்தேன். தம்பி கடைந்து வைத்திருந்தான். அளவில் குறை சொல்ல எதுவும் இல்லை.

டப்பாவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே எண்ணெய் கசியாதிருக்க, கேஸ்கெட் என்கிற தடித்த தாள் வேண்டும். எங்கள் ஊர்ப் பட்டறைகளில் தாளை இரும்பின் மேல் விரித்து, சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் தட்டுவார்கள். கீழே எங்கே துளை இருக்கிறதோ அங்கே தாள் தானாக அறுபடும். தம்பி சுத்தியலை எடுத்தான். நான் அவன் கையைத் தட்டிவிட்டேன்.

"ரெண்டே நிமிசத்துல தட்டிப்போடலாங்ணா."

"தட்டறதுக்கு இதென்ன தவிலா? படம் எதுக்கு வரைஞ்சிருக்கேன்?"

"சரிங்க எஞ்சினியரே, நீங்க கோலம் போடுங்க" என்று சிரித்தான்.

காம்பஸ், ஸ்கேல், பிளேடு. வெட்டி முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. டப்பாவைப் பொருத்திப் புது எண்ணெய் ஊற்றினேன். தம்பி கிக்கரை மிதித்தான். நான்காவது மிதியில் அது எகிறி அவன் முழங்காலுக்குக் கீழே அடித்தது. ரத்தம் செருப்பு வரை இறங்கியது. வண்டியைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே இன்னொரு தடவை மிதித்தான், எஞ்சின் எடுத்துக்கொண்டது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். எண்ணெய் சுற்றித் திரும்பி வந்துகொண்டிருந்தது. குறிப்பேட்டில் டிக் போட்டேன்.

"காரமடை வரைக்கும் போய்ட்டு வா. நாப்பதுக்கு மேல போனே, கொன்னுபோடுவேன்."

பத்து பத்துக்குக் கிளம்பினான்.

பன்னிரண்டேகாலுக்கு ஒரு டெம்போ வந்து நின்றது. பின்னால் வண்டி கயிற்றால் கட்டிக் கிடந்தது. எஞ்சினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வெளியே நீட்டியிருந்தது. முன்னாலிருந்து தம்பி இறங்கினான். இடது கன்னத்தில் தோல் இல்லை. முழங்கைச் சதைக்குள் ஜல்லி பதிந்திருந்தது. வண்டியை இறக்கிப் போட்டுவிட்டு டெம்போக்காரர் போனார்.

"பெரியநாயக்கன்பாளையம் தாண்டி டக்குனு சக்கரம் பூட்டிக்கிச்சுங்ணா. தூக்கி வீசிப்போட்டுது."

நான் அவனைப் பார்க்கவில்லை. ராடைப் பார்த்தேன்.

"எத்தனைல போனே?"

"நாப்பதுங்ணா."

"பொய் சொல்லாதடா."

"அப்பா மேல சத்தியமா நாப்பதுதானுங்..."

அப்பாவை இழுத்ததும் அறைந்தேன். தோல் உரிந்த கன்னத்திலேயே அறைந்தேன், உள்ளங்கை ஈரமானது. அவன் என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். லேத்தில் முதுகு மோதி விழுந்தேன். எழுந்தபோது கையில் பெரிய ஸ்பேனர் இருந்தது. ஓங்கி வீசினேன். முகத்தை மறைக்க வலது கையைத் தூக்கினான். அடி மணிக்கட்டில் விழுந்தது. காய்ந்த பருத்திமார்க் குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது. லேத் ஓட்டுகிற கை அது.

அவன் தரையில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டு, "நாப்பதுதானுங்ணா" என்றான்.

பக்கத்துப் பட்டறைக்காரர் சொல்லி, அவன் மனைவி ஆட்டோவோடு வந்தாள். அவனை ஏற்றும்போது என்னைப் பார்த்து, "ஏனுங் மாமா, கை ஒடைஞ்சது வண்டியாலீங்களா, உங்களாலீங்களா?" என்று கேட்டாள்.

"உழுந்ததுலதான். நீ ஏறு" என்றான் அவன்.

நான் கூடப் போகவில்லை. அவன் வேகமாகப் போனதற்கு எஞ்சினுக்குள் சாட்சி இருக்கும், அதை எடுத்து அவன் முன்னால் போட வேண்டும் என்ற வெறிதான் இருந்தது. முதலில் டப்பாவின் மூன்று போல்ட்டுகளைக் கழற்றினேன். கேஸ்கெட் எண்ணெயில் ஊறி முழுசாக வந்தது. போல்ட் துளை மூன்று, எண்ணெய் உள்ளே வரும் துளை ஒன்று. எண்ணெய் வெளியேறி பேரிங்குக்குப் போக வேண்டிய ஐந்தாவது துளை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தாள். எண்ணெய் முட்டி முட்டி அந்த இடம் கொப்புளம் மாதிரி புடைத்திருந்தது.

வரைபடத்தை விரித்தேன். ஐந்தாவது துளையை இரண்டாம் தாளில் வரைந்திருந்தேன். வெட்டும்போது மேசையில் முதல் தாள் மட்டும்தான் இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் நான் பார்த்தது, போக வழியில்லாமல் பாதியிலேயே திரும்பிய எண்ணெய். எண்ணெய் எட்டாத பேரிங் முப்பதில் போயிருந்தாலும் இறுகிச் சக்கரத்தைப் பூட்டியிருக்கும். சுத்தியலால் தட்டியிருந்தால் அந்தத் துளை தானாக விழுந்திருக்கும்.

அதே ஸ்பேனரால் டப்பாவை அடித்தேன். தகடாக நசுங்கும்வரை அடித்தேன். தம்பி கடைந்த டப்பா. அதில் ஒரு தப்பும் இல்லை என்பது அடித்து ஓய்ந்த பிறகுதான் உறைத்தது.

கேஸ்கெட்டை என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. ஒரு தீக்குச்சி போதும் என்று நினைத்தேன். தீப்பெட்டியைக் கையில் எடுக்கவும் செய்தேன். பிறகு கேஸ்கெட்டைத் துடைத்துக் குறிப்பேட்டுக்குள் வைத்து மூடினேன்.

ஜூலை 10, திங்கள். ஐந்து இருபதுக்கு எழுந்தேன். பல் துலக்குவதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போனேன். தம்பி விழித்திருந்தான், வலது கையில் மாவுக்கட்டு. கேஸ்கெட்டை அவன் இடது கையில் வைத்தேன். பக்கத்தில் நின்ற அவன் மனைவியிடம், "அவன் நாப்பதுலதான் போயிருக்கான் அம்மணி. வண்டிய ஒடச்சது நான். கைய ஒடச்சதும் நான்தான்" என்றேன்.

தம்பி கேஸ்கெட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிதானமாக எண்ணினான்.

"கோலத்துல ஒரு புள்ளி கொறையுதுங்ணா" என்றான். சிரிக்கவில்லை.