மரியக்கா கேட்ட முடிவு

இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஒரு கல்லூரிப் பெண், அட்டையில் கோட்டைப் படம் போட்ட தடித்த ஆங்கில நாவலை வாசித்துக்கொண்டிருந்தாள். எனக்கு மரியக்கா ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளில் இதே வழியில்தான் ராஜபாளையத்து மில்லுக்குப் போய்வந்தேன். நான் ஆபீஸில் டைப்பிஸ்ட், மரியக்கா ஸ்பின்னிங்கில். நான் படிக்கும் ஆங்கில நாவலை அன்றன்றைக்குப் பஸ்ஸிலேயே தமிழில் சொல்லச் சொல்வார்.

ஒருமுறை படித்தது, ராஜா காலத்து இங்கிலாந்துக் கதை. பதினைந்து வயதுப் பெண்ணை, நிலத்துக்காக ஒரு கிழட்டுப் பிரபுவுக்குக் கட்டிவைக்கிறார்கள்.

"ஏட்டி, அவ அப்பனைத் தட்டிக் கேக்க ஒரு ஆளு இல்லையா?"

"ராஜாவே சரின்னுட்டாருக்கா."

அக்கா என் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார்.

"எம் மவளுக்கும் எங்க வீட்டுக்காரரு பேசி முடிச்சிட்டாரு. பத்தாவதுதான் படிக்கா. மாப்பிள்ளைக்கு நாப்பது வயசு. வத்திராயிருப்புல தென்னந்தோப்பு இருக்காம். நான் சொன்னா யாரு கேக்கா?"

பிறகு கேட்டார்: "அந்தப் பிள்ளை கடைசில தப்பிச்சிட்டாளா?"

முந்தின நாள்தான் நாவலை முடித்திருந்தேன். முதல் பிரசவத்திலேயே அவள் செத்துப்போகிறாள்.

"தப்பிச்சிட்டாக்கா" என்றேன்.

என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "எப்படிட்டி? எப்படித் தப்பிச்சா?"

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். மில் ஸ்டாப் வந்தது, இறங்கிவிட்டோம்.

அந்தத் தை மாதமே கல்யாணம் நடந்தது. நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

எத்தனையோ நாவல் படித்தாயிற்று, மரியக்காவுக்குச் சொல்ல இன்னும் ஒரு பதில் கிடைக்கவில்லை. உங்களுக்கு ஏதாவது வழி தோன்றினால் கீழே எழுதுங்கள். குதிரையில் ஒரு வீரன் வந்து கூட்டிப்போனான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.