வாசுபூஜ்ய நயினாரின் சந்தேகம்

மேல்சித்தாமூர் வாசுபூஜ்ய நயினார் நெல் வியாபாரி. ஈர நெல்லைக் காய்ந்தது என்று சொல்லி அவரிடம் தள்ளிவிட யாராலும் முடியாது. அந்தச் சந்தேகப் புத்தியைச் செஞ்சியில் என் மருந்துக் கடைக்கும் கொண்டுவந்தார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வருஷம் அவர் மனைவி ரத்னம் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்து அவரைப் பிழைக்கவைத்தார். உடம்பு அதை ஒதுக்கிவிடாமலிருக்க இரண்டு வேளையும் மாத்திரை. எட்டு மாதம் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. சோதித்தால் ரத்தத்தில் மருந்து மூன்று மடங்கு. சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருந்தது.

“செல்லப்பா, மாத்திரைய மாத்திட்டியா? உள்ள இன்னா இருக்குது?” என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது கேட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. திண்டிவனத்தில் வாங்கிப் பார்த்தார். அப்போதும் ரத்தத்தில் மருந்தளவு குறையவில்லை. இரட்டிப்பாக விழுங்குகிறாரோ என்று மருத்துவர் இவரைச் சந்தேகித்தார். இவர் ரத்னத்தைச் சந்தேகித்தார். மனைவி போட்ட சோற்றை ஒதுக்கிவிட்டுத் தானே பொங்கித் தின்ன ஆரம்பித்தார். நடுக்கம் கூடியதுதான் மிச்சம்.

பொறுக்கமாட்டாமல் ஒரு சாயங்காலம் நானே அவர் வீட்டுக்குப் போனேன். சமணர், பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். அதனால் ஆறு மணிக்குள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ராத்திரி தாகம் எடுக்காமலிருக்க ஒரு முழு பம்பளிமாஸைச் சுளை சுளையாகத் தின்றுகொண்டிருந்தார்.

“இது எங்கேருந்து?”

“நம்ம கொல்லை மரம். காய்ப்பு வந்ததுலேருந்து தெனம் சாயங்காலம் இதான். யாரு கையும் படாதது இது ஒண்ணுதான்னு இப்ப காலையிலயும் துன்றேன்.”

தலையில் அடித்துக்கொண்டேன். “நயினார், குடல்ல ஒரு நொதி இருக்குது. முழுங்கற மருந்துல பெரும்பங்க அங்கயே அழிச்சிடும். மிச்சம் இவ்ளோதான் ரத்தத்துக்குப் போவும்னு தெரிஞ்சுதான் டாக்டர் அளவு எழுதறாரு. இந்தப் பழத்துல இருக்கறது அந்த நொதிய முடக்கிப் போட்டுடும். அப்புறம் மருந்து அப்படியே ஏறும்.”

“பழமா?” என்று என்னை அப்போதும் சந்தேகமாகத்தான் பார்த்தார். ஆனாலும் நிறுத்தினார். பத்தே நாளில் மருந்தளவு இறங்கியது. சிறுநீரகம் மட்டும் முழுசாகத் தேறவில்லை.

அந்த ரிப்போர்ட்டை நான் படித்துச் சொன்னபோது ரத்னமும் இருந்தார். நயினார் அவர் பக்கம் திரும்பாமலே, “இனிமே நீயே சோறு போடு” என்றார்.

“நான் போட்ட சோத்துல ஏதோ கலந்துட்டேன்னு பாத்தீங்களே,” என்றார் ரத்னம். “கிட்னிய அறுத்துக் குடுத்தப்ப மட்டும் எப்படி நம்புனீங்க?”