அனு படுத்திருக்கும் இடம்

என் வீட்டுக்காரர் பீமாராவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அந்தக் கம்ப்யூட்டரைத் திட்டிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். என் தையல் மிஷின் இருந்த மூலையில் வந்து உட்கார்ந்துகொண்ட சனியன் அது. செஞ்சி பஜாரில் அவர் பில் போடும் ஹார்டுவேர் கடையில் பழசாகிவிட்டது என்று ஒதுக்கிப் போட்டிருந்தார்கள். இவர் முதலாளியிடம் கெஞ்சி வாங்கி, சாக்கில் சுற்றி, மொபெட்டில் முன்னால் வைத்து, சிங்கவரம் ரோட்டில் எங்கள் காலனி வரைக்கும் ஒரு குலுக்கல் இல்லாமல் ஓட்டிக்கொண்டு வந்தார். "பிரசவத்துக்குப் போனப்ப கூட என்னை இவ்ளோ பத்திரமா இட்டுனு போவலியேய்யா" என்றேன். மனிதருக்குக் காதே கேட்கவில்லை.

நல்லவர்தான். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. காலனியில் யார் வீட்டு ரேஷன் கார்டில் பெயர் தப்பாக இருந்தாலும் இவரைத்தான் தேடி வருவார்கள். ஒரே ஒரு கிறுக்கு உண்டு. எதுவும் மறந்துபோகக் கூடாது, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

அந்தக் கிறுக்கு பிடித்தது என் மாமனார் பொன்னுசாமி இறந்த அன்றைக்கு. அவர் ஆயுசு முழுக்க அடுத்தவர் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை நிலத்தில், கூலி வேலை செய்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் பிள்ளைக்கு பீமாராவ் என்று பெயர் வைக்கத் தெரிந்திருந்தது. எங்கள் ஜனங்களுக்கு நிலம் என்று இருந்ததெல்லாம் ஏரிக்கரைக்குக் கீழே அந்த இடுகாடு ஒன்றுதான். அதுவும் கையகல இடம். பழைய குழி மேல் புதுக் குழி விழுவது சகஜம். மாமனாருக்குத் தோண்டும்போது எலும்பு வந்தது. யாருடையது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. ஒரு துணியில் சுற்றி மாமனாருக்குப் பக்கத்திலேயே வைத்து மூடினார்கள்.

"எங்க நைனா பக்கத்துல யாரோ ஒருத்தர் படுத்துனு இருக்கார் ஜெயா. பேரு கூட தெரியல" என்று இவர் பல நாள் புலம்பினார். சோற்றைப் பிசைந்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பார். எனக்குப் பயமாகப் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டரில் அந்த விக்கியை ஆரம்பித்தார். இன்டர்நெட்டில் ஊர் உலகமெல்லாம் சேர்ந்து எழுதுகிற விக்கியைப் பார்த்திருப்பீர்கள். இது அதே மாதிரி, ஆனால் அவர் ஒருவர் மட்டும் எழுதுவது. ஒருவர் பெயரைத் தொட்டால் அவருடைய பக்கம் திறக்கும். அங்கே அவர் அப்பா பெயரைத் தொட்டால் அந்தப் பக்கம் திறக்கும். இடுகாட்டுக்கு என்று தனியாக ஒரு பக்கம். எந்த வரிசையில் யார், யாருக்குப் பக்கத்தில் யார், எல்லாம் அதில் இருந்தது. காலனியில் வயசானவர்களை ஒவ்வொருவராக இடுகாட்டுக்கு அழைத்துப் போய், கேட்டுக் கேட்டு எழுதினார்.

கம்ப்யூட்டர் ஒரு நாள் செத்துப்போனால்? அதற்காக அதே பக்கங்களை எந்த அலங்காரமும் இல்லாத வெறும் எழுத்துக் கோப்புகளாகப் போனிலும் வைத்துக்கொண்டார். எந்தக் கம்பெனி மூடினாலும் வெறும் எழுத்தை எந்த மிஷினும் படிக்குமாம். போனில் எழுதினால் கம்ப்யூட்டருக்குப் போகும், கம்ப்யூட்டரில் எழுதினால் போனுக்கு வரும். அதற்கு அவரே ஒரு புரோகிராம் எழுதினார். தினமும் காலையில் அது இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும். எதில் தேதி புதுசோ அது நிற்கும், பழசு அழியும். முடிந்ததும் திரையில் 'இரண்டும் ஒன்று' என்று வரும். அதைப் பார்த்த பிறகுதான் ஐயாவுக்குக் காபி இறங்கும்.

சரி, ஒரு கிறுக்கு, யாருக்கு நஷ்டம் என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் அந்தத் தைரியத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். வெளியூரில் வேலைக்குப் போய் நாலு காசு பார்த்தவர்கள் அப்பா அம்மாவுக்கு சிமெண்டில் சமாதி கட்ட ஆரம்பித்திருந்தார்கள். இருக்கிற கொஞ்ச இடமும் போய்விடும் என்று காலனிக் கூட்டத்தில் இவர் எழுந்து பேசினார். இனிமேல் யாரும் சமாதி கட்டக் கூடாது, கல்லும் வைக்கக் கூடாது. யார் எங்கே இருக்கிறார்கள் என்பதற்கு நான் பொறுப்பு என்றார். சொன்னதில் நியாயம் இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான்.

அடுத்த வருஷக் கோடையில், எங்கள் காலனியில் பிறந்து வளர்ந்த தனகோட்டியின் மகள் அனு ஜுரத்தில் போய்விட்டாள். நாலு வயசு. ஊருக்கு வரும்போதெல்லாம் நான் வேலை பார்க்கும் அங்கன்வாடியில் என் மடியில் உட்கார்ந்து கதை கேட்ட குழந்தை. தனகோட்டிக்குப் புருஷன் துணை இல்லை. பெங்களூரில் கட்டட வேலை செய்து ஒண்டியாக அந்தப் பிள்ளையை வளர்த்தாள். அங்கிருந்து தூக்கிக்கொண்டு வந்து எங்கள் இடுகாட்டில்தான் புதைத்தோம்.

மண் தள்ளி முடித்ததும் தனகோட்டி இவரிடம் வந்தாள். "ண்ணா, ஒரு சின்னக் கல்லு நட்டுக்கிறேன்ணா. பேரு கூட வேணாம். சும்மா அடையாளத்துக்கு."

செஞ்சியில் கல்லுக்கா பஞ்சம்? எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை மலையாகக் கல்தான். ஆனால் இவர், "உனக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்கம்மா. நீ இன்னாத்துக்குக் கவலைப்படுற? நான் எழுதி வச்சிடறேன். கல்லு கூட சாஞ்சிடும், எழுத்து சாயாது" என்றார். அவள் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று கோடை மழையில் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. போன் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. சாயங்காலம் கரண்ட் வந்ததும் இவர் தலை முழுகிவிட்டு, ஈரத் துண்டோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அனுவின் இடத்தை எழுதினார். எழுதும்போது அழுதார். நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு மாசி அமாவாசைக்கு மாசி அமாவாசை தனகோட்டி வந்தாள். மேல்மலையனூரில் மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கும் அன்று எங்கள் ஜனங்கள் இங்கே இடுகாட்டுக்குப் போய், போனவர்களுக்குப் பிடித்ததை அவரவர் மேட்டில் படைப்பார்கள். அனுவின் மேடு சின்னதாகத் தெரியும். அவளே நேராகப் போய் உட்கார்ந்துவிடுவாள். யாரும் வழி காட்ட வேண்டியிருக்கவில்லை.

போன மழைக்காலத்தில் வந்த புயலில் ஏரி உடைப்பெடுத்தது. இடுகாட்டில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு முள்ளையும் சேற்றையும் தள்ள ஜேசிபி வந்தது. தள்ளி முடித்தபோது மேடு, பள்ளம், வேலி ஒன்றும் இல்லை. கிரிக்கெட் ஆடலாம் போல இருந்தது. காலனியில் சிலர் பதறினார்கள். இவர் பதறவில்லை. போனை எடுத்துக்கொண்டு போய், தப்பி நின்ற வேப்பமரத்திலிருந்து வரிசை பிடித்து, "இது உங்க மாமா, இது மாரியம்மாக்கா" என்று ஒவ்வொருவருக்கும் காட்டிக் கொடுத்தார். எனக்கே பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

மாசி பிறந்ததும் தனகோட்டி போன் செய்தாள். "ண்ணா, எல்லாம் தரைமட்டமாயிடுச்சாமே? எம்புள்ள எடம் இருக்குதாண்ணா?"

"பயப்படாத வாம்மா. எங்கிட்ட பத்திரமா இருக்குது" என்றார். வைத்துவிட்டு, சும்மா பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தப் பக்கத்தைத் திறந்தார்.

அனு இல்லை. மேலே பார்த்தார், கீழே பார்த்தார், பெயரைப் போட்டுத் தேடினார். போனில் இல்லை. கம்ப்யூட்டரில் இல்லை. அனு என்று அவள் பிறந்தபோதே எழுதிய ஒரு பக்கம் இருந்தது. பிறந்த தேதி, அம்மா பெயர், சிரித்தபடி ஒரு போட்டோ. படுத்திருக்கும் இடம் மட்டும் இல்லை. திரையில் எப்போதும் போல 'இரண்டும் ஒன்று' என்று இருந்தது.

"ஐயோ ஜெயா" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

எப்படி நடந்தது என்று அவரே கண்டுபிடித்தார். கம்ப்யூட்டருக்குள்ளே காசு அளவில் ஒரு பேட்டரி இருக்குமாம். கரண்ட் இல்லாதபோது தேதியைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். அது செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. கரண்ட் போய் வந்தால் கம்ப்யூட்டரில் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். இவர் ஒவ்வொரு தடவையும் கையால் சரி செய்துகொள்வார். பேட்டரி மாற்றிவிடய்யா என்றால், நாளைக்கு, நாளைக்கு. அனுவைப் புதைத்த அன்று தேதியைச் சரி செய்யாமலே எழுதி மூடிவிட்டார். மறுநாள் காலையில் புரோகிராம் பார்த்தது. போனில் இருந்த பழைய பக்கம் புதுசாகத் தெரிந்தது. அன்றைக்கு எழுதிய பக்கம் பல வருஷத்துப் பழசாகத் தெரிந்தது. பழசை அழித்துவிட்டு, 'இரண்டும் ஒன்று' என்று சொன்னது. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. இரண்டுமே தப்பு.

"உங்க கையால மண்ணு போட்டீங்களே, ஞாபகம் இல்லியா?" என்று கேட்டேன்.

"எழுதிட்டேன்ல... எழுதிட்டோம்னு விட்டுட்டேன்" என்றார்.

காலனியில் போய்க் கேட்டோம். முன்பெல்லாம் யாரைக் கேட்டாலும் இன்னாருக்குத் தலைமாட்டில் இன்னார் என்று சொல்வார்கள். இப்போது எல்லோரும் ஒரே மாதிரி முழித்தார்கள். "உன் கம்ப்யூட்டர்ல இருக்குமே?" என்று அவரையே கேட்டார்கள். குழி தோண்டிய தங்கராசு கூட, கீழ்ப்பக்கம் வேலியோரம்தான், ஆனால் வேலி எங்கே இருந்தது என்று தெரியவில்லையே என்று கையைப் பிசைந்தான்.

அமாவாசைக்கு முந்தின நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "யோவ், கீழ்ப்பக்கம் எங்கியாவது ஒரு எடத்தக் காட்டுய்யா. அவ படைச்சிட்டு நிம்மதியா போவட்டும். யாருக்குத் தெரியப்போவுது?"

"அடியில வேற யாராவது இருந்தா?"

"இருந்துட்டுப் போவட்டுமே. புள்ளைக்குப் படைச்சதுல பங்கு கேக்கவா போறாங்க?"

"எங்க நைனாவுக்கு அப்படித்தான ஆச்சு" என்றார்.

மறுநாள் தனகோட்டி பெங்களூர் பஸ்ஸில் வந்து இறங்கி, எங்கள் வீட்டில்தான் குளித்து, எங்கள் அடுப்பில்தான் சமைத்தாள். சேமியா பாயசம், உருளைக்கிழங்கு வறுவல், கடையில் வாங்கிய ஒரு குர்குரே பாக்கெட். "சோறு வச்சா துப்பிடும் கழுதை, இதுன்னா வாயத் தொறக்கும்" என்று சிரித்தாள். இவர் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார்.

இடுகாட்டில் ஒரே கூட்டம். அவரவர் இடத்தில் கற்பூரம், பூ, பொரி, சாராயப் பாட்டில். இவர் காட்டிக் கொடுத்த இடங்கள்தான் எல்லாம். தனகோட்டி வாழையிலைத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு இவரைப் பார்த்தாள். "எதுண்ணா?"

இவர் சொன்னார். பேட்டரி, தேதி, போன் என்று என்னென்னவோ சொன்னார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில், "தெரியலம்மா. இந்தப் பக்கம்தான் எங்கியோ. தொலைச்சிட்டேன்" என்றார்.

அவள் கத்தவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. அப்படிச் செய்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அந்தச் சமதரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள். கால் வைக்கப் பயந்தவள் மாதிரி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"மிதிச்சிடப் போறேன்" என்றாள்.

பிறகு தட்டை இவர் கையில் வைத்தாள். "நீயே வச்சிடுண்ணா." திரும்பிப் பார்க்காமல் ரோட்டுக்குப் போய்விட்டாள். நான் பின்னால் ஓடினேன். மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்கள் ஜனத்தை அடைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. அவள் எதிர்ப்பக்கம், பெங்களூர் போகும் பஸ்ஸை நிறுத்தி ஏறிவிட்டாள்.

திரும்பி வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. இவர் தட்டோடு அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். பாயசம் ஆடை கட்டியிருந்தது. இடுகாட்டுக்குக் கொண்டுபோன படையலை வீட்டுக்கு எடுத்து வரக் கூடாது. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"எங்கியாவது வச்சிட்டு வாய்யா, போலாம்" என்றேன்.

"எங்க வைக்கிறது, சொல்லு ஜெயா" என்றார். "நீ சொல்ற எடத்துல வக்கிறேன்."

நான் கீழே பார்த்தேன். எனக்கும் சொல்லத் தெரியவில்லை.